வாப்பாவின் வேலைச் சேர்ட்

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என் சேமிப்புக் காசில் வாப்பாவுக்கு ஒரு சேர்ட் எடுத்துக் கொடுத்தேன். வான நீல நிறம். கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு மினுமினுப்பு. "கசங்காது, சாயம் போகாது, இஸ்திரியும் தேவையில்லை" என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொன்ன மூன்றும் உண்மைதான். நான் கேட்க மறந்தது நாலாவது கேள்வி. இதைப் போட்டுக்கொண்டு வெயிலில் வேலை செய்யலாமா?

எனது வாப்பா வயல் வேலைக்குப் போகிறவர். பெரும்போகத்தில் வரம்பு கட்டுவது, களை பிடுங்குவது. சிறுபோக அறுவடைக் காலத்தில் மெசின் கொட்டும் நெல்லைச் சாக்கில் நிரப்பித் தைத்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவது. பெருநாள் முடிந்ததும் அந்தச் சேர்ட்டை அலமாரியில் வைப்பார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு மாதம் போனதும் அதை வயலுக்கே போட்டுப் போகத் தொடங்கினார்.

"புதுச் சேட்டப் போட்டு மூட்டை சுமக்கலாமா வாப்பா?" என்று கேட்டேன்.

"என்ட புள்ள எடுத்துத் தந்த சேட்டு. அலமாரிக்குள்ள வெச்சா ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தார்.

கச்சான் காற்று நெருப்பாக வீசிய ஒரு நாள் பின்னேரம் வாப்பாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். முகம் சிவந்து, தலை சுற்றி, வாந்தி எடுத்திருந்தார். உம்மா சேர்ட்டைக் கழற்றியபோது முதுகு முழுவதும் சிவந்த வேர்க்குருக்கள். வெப்பத்தால் வந்த களைப்பு என்றும், தண்ணீர் போதாது, நடுப்பகலில் ஓய்வும் இல்லை என்றும் வைத்தியர் சொன்னார். பிறகு கதிரையில் கிடந்த சேர்ட்டைத் தொட்டுப் பார்த்து, "இதையா போட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குற்றம் முழுவதும் சேர்ட்டின் மேல் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கு என்ன என்று அறியத்தான் பாடப்புத்தகத்தையும், தையல் தெரிந்த உம்மாவையும், மருதமுனையில் கைத்தறி நெய்த எங்கள் மூத்தவாப்பாவையும் நாடினேன். அறிந்ததை இங்கே எழுதுகிறேன். நம் கல்லூரியில் படிக்கும் பலரின் வாப்பாமாரும் காக்காமாரும் வயலிலும் கடலிலும் கட்டட வேலையிலும் வெயிலோடு போராடுகிறவர்கள்தானே.

உடல் எப்படிக் குளிர்கிறது?

நமது உடலின் உள் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. தசைகள் வேலை செய்யும்போது நாம் உண்ட உணவின் சக்தியில் கால் பங்கு அளவே வேலையாக மாறுகிறது. மிகுதி வெப்பமாகிறது. மூட்டை தூக்குபவரின் உடலுக்குள் ஓர் அடுப்பே எரிகிறது எனலாம். வெளியே காற்றும் தோலளவு சூடாகிவிட்டால் அந்த வெப்பம் வெளியேற ஒரே ஒரு வாசல்தான் திறந்திருக்கும். அதுதான் வியர்வை.

வியர்வை வடிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறத்தாழ 2400 யூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அரை லீற்றருக்கும் கூடுதலான தண்ணீரை ஒரு பாகையால் சூடாக்க அவ்வளவு வெப்பம் போதும். கடும் வெயிலில் கடுமையாக உழைப்பவருக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் அளவு வியர்க்கலாம். அந்த வியர்வை நிலத்தில் சொட்டிப் போனால் உடம்புக்கு நட்டம் மட்டுமே. தண்ணீரும் உப்பும் போகும், குளிர்ச்சி கிடைக்காது.

எனவே வேலைச் சேர்ட்டின் கடமைகள் மூன்று. வியர்வையைத் தோலிலிருந்து வாங்கிப் பரப்ப வேண்டும். காற்றை உள்ளே விட்டு ஆவியை வெளியே விட வேண்டும். வெயிலும் நெல்லின் சுணையும் தோலில் படாமல் தடுக்க வேண்டும். வாப்பாவுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேர்ட் மூன்றாவதை மட்டுமே செய்தது.

நூலின் குணம்

பருத்தி நூல் செலுலோசால் ஆனது. செலுலோசு மூலக்கூறில் ஐதரொட்சில் கூட்டங்கள் நிறைய உண்டு. அவை நீர் மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பால் இழுத்துக்கொள்கின்றன. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருக்கும்போது 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீரைத் தனக்குள் வைத்திருக்கும். அப்போதும் அது நமக்கு ஈரமாகத் தெரியாது. அதே நிலையில் 100 கிராம் பொலியெஸ்டர் அரைக் கிராம் நீரைக்கூட வைத்திருப்பதில்லை.

பொலியெஸ்டர் என்பது எண்ணெயிலிருந்து பெறும் இரசாயனங்களால் செய்யப்படும் ஒரு பல்பகுதியம். சேலை, சேர்ட் முதலியவற்றுக்குப் பயன்படும் வகையை 1941 இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு இரசாயனவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். உறுதி, கசங்காமை, விரைவில் காய்தல் ஆகியவை அதன் நல்ல குணங்கள். ஆனால் அதன் நூல் நீரைக் குடிக்காது. வழுவழுப்பாக, நெருக்கமாக நெய்த பொலியெஸ்டரைப் போட்டால் வியர்வை தோலுக்கும் துணிக்கும் இடையில் சிறைப்படும். துணி முதுகில் ஒட்டிக்கொள்ளும். வியர்வைத் துளைகள் அடைபட்டால் வேர்க்குரு வரும். உடல் நாற்றமும் பருத்தியைவிடப் பொலியெஸ்டரில் கூடுதலாகத் தங்கும்.

அப்படியானால் விளையாட்டு வீரர்கள் ஏன் பொலியெஸ்டர் ஜேர்சி அணிகிறார்கள் என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. அந்தத் துணி நெய்யப்படாமல் பின்னப்பட்டது. அதில் கண் கண்ணாக இடைவெளி இருக்கும். நூல் நீரைக் குடிக்காவிட்டாலும் நூல்களுக்கு இடையிலான நுண்ணிய வழிகளில் மயிர்த்துளை விளைவால் வியர்வை வெளிப்பக்கம் ஏறிப் பரவிக் காய்ந்துவிடும். ஆக, "பொலியெஸ்டர் கெட்டது, பருத்தி நல்லது" என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. நூலோடு நெசவையும் பார்க்க வேண்டும்.

பருத்திக்கும் குறை உண்டு. நிறைய நனைந்தால் பாரமாகும், மெதுவாகவே காயும். மழையோடு பெரும்போக வேலை செய்பவர் நனைந்த பருத்திச் சேர்ட்டோடு நின்றால் நடுங்குவார். மாற்றிப் போட இன்னொன்று வீட்டில் இருக்க வேண்டும்.

ரேயோன் துணியும் செலுலோசுதான். பருத்தியைவிடக் கூட நீரை உறிஞ்சும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் நனைந்ததும் அதன் உறுதி ஏறத்தாழப் பாதியாகிவிடும். பருத்தி இதற்கு நேர்மாறானது, நனைந்தால் இன்னும் உறுதியாகும். வியர்வையில் ஊறிய தோளில் மூட்டை உராயும்போது ரேயோன் கிழிந்து போவதும் பருத்தி தாங்கி நிற்பதும் இதனால்தான். வீட்டில் இருந்து ஓதும் உம்மும்மாவுக்கு ரேயோன் நல்லது. மூட்டை சுமப்பவருக்கு அல்ல.

பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணி இடைப்பட்ட வழி. வேலை உடுப்புகளில் 65 சதவீதம் பொலியெஸ்டர், 35 சதவீதம் பருத்தி என்ற கலவை பரவலாக உள்ளது. நீண்ட நாள் உழைக்கும், சீக்கிரம் காயும். ஆனால் எங்கள் வெயிலுக்குப் பருத்தி பாதிக்கு மேல் உள்ள கலவையைத் தேடுவது நல்லது. கழுத்தின் பின்புறத்திலோ பக்கத் தையலிலோ உள்ள சிறு துண்டில் இந்தச் சதவீதம் எழுதியிருக்கும். சேர்ட் வாங்கும்போது விலைத் துண்டைப் பார்க்கும் நாம் அந்தத் துண்டையும் பார்க்கப் பழக வேண்டும்.

நெசவும் பாரமும்

மூத்தவாப்பாவுக்குக் கண் பார்வை குறைவு. ஆனாலும் துணியைக் கையில் கொடுத்தால் விரல் நுனியால் பாவையும் ஊடையையும் எண்ணிவிடுவார் போலிருக்கும். அவர் எனக்குச் சொன்னது இது: "துணியெண்டா நூல் மட்டுமில்ல மகள், நூலுக்கு இடையில உள்ள வெளியும் துணிதான்."

பாவு நூலுக்கு மேலும் கீழுமாக ஊடை நூல் மாறி மாறிப் போனால் அது சாதா நெசவு. பொப்ளினும் வொயிலும் இந்த வகை. காற்று நன்றாகப் போகும். ஊடை நூல் இரண்டு மூன்று பாவைத் தாண்டித் தாண்டிப் போனால் துணியில் சாய்வான கோடுகள் தெரியும். அது சாய்வரி நெசவு. ட்ரில்லும் டெனிமும் இந்த வகை. உராய்வை நன்றாகத் தாங்கும். ஆனால் நூல்கள் நெருங்கியிருப்பதால் வெப்பமாக இருக்கும். டெனிமும் பருத்திதான். அதற்காக அதைப் போட்டுக்கொண்டு நடுப்பகலில் வயலில் நிற்க முடியுமா?

துணியின் பாரத்தைச் சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள். டெனிம் பெரும்பாலும் 300 கிராமுக்கு மேல் இருக்கும். வெயில் வேலைக்கான சேர்ட்டுக்கு 110 முதல் 140 கிராம் வரையான பருத்தி பொருத்தம். வொயில் போல மெல்லிய துணி குளிர்ச்சிதான், ஆனால் முள்ளுக்கும் உராய்வுக்கும் தாங்காது, வெயிலையும் உள்ளே விட்டுவிடும்.

கடையில் தராசு தேடத் தேவையில்லை. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனையளவு ஒளிப் புள்ளிகள் ஒரே சீராகத் தெரிந்தால் நல்ல சாதா நெசவு. கையின் உருவமே அப்படியே தெரிந்தால் மிக மெல்லியது. ஒன்றுமே தெரியாவிட்டால் மிக நெருக்கம். பிறகு துணியை வாயருகே பிடித்து ஊதி, மறுபக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று கையில் பட்டால் அது முதுகிலும் படும்.

நிறமும் கையின் நீளமும்

வெயிலுக்கு வெள்ளைதான் நல்லது என்று எல்லோரும் சொல்வோம். வெளிர் நிறம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பது சரி. ஆனால் பாலைவனத்து பதூவிகள் கறுப்பு அங்கி அணிகிறார்களே? இதை ஆராய்ந்து 1980 இல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. கறுப்பு அங்கி கூடுதலான வெப்பத்தை உறிஞ்சினாலும், அது தளர்வாக இருப்பதால் அந்த மேலதிக வெப்பம் உடலைத் தொடுமுன்பே காற்றோடு போய்விடுகிறது என்றும், வெள்ளை அங்கி அணிந்தவரும் கறுப்பு அங்கி அணிந்தவரும் பெறும் வெப்பம் ஒரே அளவுதான் என்றும் அதில் கண்டார்கள். நிறத்தைவிடத் தளர்வுக்கே முக்கியத்துவம் என்பது இதில் நமக்குரிய பாடம். உடலோடு ஒட்டும் சேர்ட்டுக்குக் கறுப்பு ஒத்துவராது.

இன்னொரு பக்கமும் உண்டு. தோலைக் கருக்கிப் புண்ணாக்கும் கழியூதாக் கதிர்களை மெல்லிய வெள்ளைத் துணி ஓரளவே தடுக்கும். அது வியர்வையில் நனைந்தால் இன்னும் குறையும். சற்று நிறமுள்ள, நெருங்கிய நெசவுள்ள துணி கூடுதலாகத் தடுக்கும். ஆகவே இளநீலம், காக்கி, சாம்பல், வெளிர் பச்சை போன்ற நடுத்தர நிறங்கள் இரண்டுக்கும் பொருந்தும். அழுக்கும் அவ்வளவாகத் தெரியாது என்பது உம்மாவின் கருத்து.

கை நீளமாக இருப்பதே நல்லது. கையை வெளியே விட்டால் காற்றுப் படும் என்று அரைக் கை அணிவார்கள். வெயில் நேரே தோலில் பட்டுச் சூடாக்குவதையும் சுணையையும் யோசித்தால் தளர்வான முழுக் கைதான் இலாபம். கழுத்துப் பட்டி இருந்தால் பிடரி தப்பும். சூரா அந்நஹ்லின் 81 ஆவது வசனம், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளை அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆடை என்றால் மறைப்பது மட்டுமே என்று நினைத்திருந்த எனக்கு, அது காப்பதும்கூட என்று இந்த வசனத்தின் விளக்கம் உணர்த்தியது.

தைக்கும்போது

நல்ல துணியும் தவறான தையலால் வீணாகும். உம்மா சொல்லும் ஒழுங்கு இது. பருத்தித் துணியைத் தைக்குமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைக்க வேண்டும். சுருங்குவது வெட்டுமுன்பே சுருங்கிவிடும். அக்குள் பகுதியை இறுக்கக் கூடாது. கையை உயர்த்தினால் சேர்ட்டின் அடி இடுப்பை விட்டு மேலே இழுபடக் கூடாது. தோளில் இரட்டைத் துணி வைத்தால் மூட்டை உராயும் இடம் தாங்கும். ஓரங்களை மடித்து இரட்டைத் தையல் போட்டால் பிரியாது. மார்புச் சுற்றளவுக்கு மேல் ஆறு அங்குலமாவது தளர்வு வேண்டும். அந்தத் தளர்வுக்குள்தான் காற்று நடமாடும்.

கஞ்சி போடுவதை வேலைச் சேர்ட்டுக்குத் தவிர்க்க வேண்டும். கஞ்சி நூல்களுக்கு இடையிலுள்ள வெளியை அடைத்துவிடும்.

பருத்திதானா என்று அறிவது

புதுத் துணியில் ஒரு துளி தண்ணீர் விட்டால் பருத்தி உறிஞ்சும், பொலியெஸ்டரில் துளி உருண்டு நிற்கும் என்பார்கள். ஆனால் புதுத் துணியில் பூசியிருக்கும் பசையால் பருத்தியிலும் முதலில் நீர் நிற்கலாம். ஒருமுறை கழுவிய பின் பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

எரித்துப் பார்க்கும் சோதனை இன்னும் தெளிவானது. பெரியவர் ஒருவரின் முன்னிலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். துணி ஓரத்திலிருந்து பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியே இழுத்தெடுத்து, இடுக்கியால் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேல் தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி, உருகி, கடினமான மணியாக இறுகும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கலவை. ரேயோனும் பருத்தி போலவே எரியும். அதை அறிய நூலின் நடுவில் ஈரமாக்கி இழுக்க வேண்டும். ஈரமான இடத்தில் எளிதாக அறுந்தால் ரேயோன்.

அந்த உருகும் மணியை நினைவில் வையுங்கள். ஒட்டு வேலை, வெல்டிங், பேக்கரி போறணை போன்ற நெருப்போடு வேலை செய்பவர்கள் பொலியெஸ்டர் அணியக் கூடாது என்பதன் காரணம் அதுவே. தீப்பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

வயலுக்கு மருந்து அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பருத்தி வியர்வையை உறிஞ்சுவது போலவே மருந்தையும் உறிஞ்சும். மருந்து சிந்தி நனைந்தால் உடனே கழற்ற வேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவவே கூடாது.

சேர்ட் மட்டும் போதாது

எவ்வளவு நல்ல துணியும் தண்ணீருக்கும் நிழலுக்கும் ஈடாகாது. தாகம் எடுக்குமுன்பே குடிக்க வேண்டும். வெப்பம் மிகும் நாட்களில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச்சுட்டெண் எச்சரிக்கை விடுக்கிறது. கையில் தொலைபேசி உள்ள பிள்ளைகள் அதைப் பார்த்து வீட்டில் சொல்லலாம். ஒருவர் வெயிலில் தடுமாறி, பேச்சுக் குழம்பி, உடம்பு கொதித்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடுப்பைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறி, 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

வாப்பா மூன்று நாளில் எழும்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த கிழமை உம்மாவும் நானும் புடைவைக் கடைக்குப் போனோம். 36 அங்குல அகலத்தில் இரண்டரை மீற்றர் பருத்திப் பொப்ளின், சாம்பல் நிறம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். பெருநாள் சேர்ட்டைவிட விலை குறைவு. ஓர் இரவு ஊறவைத்து உம்மா தைத்தார். தோளுக்கு இரட்டைத் துணி வைத்த இடத்தில் கைத்தையல் என்னுடையது.

முதல் நாள் போட்டுவிட்டு வந்த வாப்பாவிடம் எப்படி என்று கேட்டேன். "காத்துப் படுது புள்ள" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சேர்ட்டின் முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வியர்வை ஆவியாகிப் போயிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

நீலச் சேர்ட் இப்போதும் வீட்டில் இருக்கிறது. அதை வாப்பா ஜும்ஆவுக்குப் போட்டுப் போகிறார். பள்ளியில் யாராவது "நல்ல சேட்டு" என்றால், என் பெயரைச் சொல்ல இன்னும் மறப்பதில்லை.